மாதனூர் எண்ணெய்ச் சட்டி

சென்னைப் பட்டணத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ராஜபாட்டையில், வேலூரைத் தாண்டி, பள்ளிகொண்டாவில் அரங்கநாதரையும் சேவித்துக்கொண்டு மேற்கே சென்றால், ஆம்பூர் வருவதற்குச் சற்று முன்னால் மாதனூர் என்ற ஊர் வருகிறது. வருகிறது என்று நாம் சொல்கிறோமே தவிர, மோட்டாரில் செல்கிறவர்களுக்கு அது வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆம்பூர்ப் பிரியாணியின் வாசனையை மனத்தினாலேயே முகர்ந்துகொண்டு விரைகிறவர்களுக்கு நடுவில் இருக்கும் சிற்றூர்களெல்லாம் மைல்கற்களுக்குச் சமானந்தான்.

பழைய வட ஆற்காடு ஜில்லா 1989-ஆம் வருஷத்தில் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் ஜில்லா என்று பிற்பாடு பெயர் பெற்ற பாகம் 2019-ல் மறுபடியும் மூன்றாகப் பிரிந்தது. இப்பொழுது மாதனூர் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஜில்லாக்கள் எத்தனை தடவை பிரிந்தால் என்ன? ஊருக்கு வடக்கே பாலாறு அன்று போலவே கிடக்கிறது. ஆற்றைக் கடந்தால் குடியாத்தம் சாலை. தெற்கே போனால் ஒடுகத்தூர். அதற்கப்பால் ஜவ்வாது மலை. ஆற்றில் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, ஆந்திர தேசத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே வந்து சேரும் அந்த நதிக்குப் 'பாலாறு' என்று பெயர் வைத்தவர்கள் பெரிய நம்பிக்கைக்காரர்களாயிருக்க வேண்டும்.

நாம் மாதனூரில் இறங்கியது மாலை ஐந்து மணிக்கு மேல். அந்த வேளையில்தான் அந்தச் சாலைக்கு உயிர் வருகிறது. ஆம்பூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஷூ கம்பெனிகளிலிருந்து வேலை முடிந்து திரும்பும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. அவற்றிலிருந்து இறங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். காலையில் இருட்டோடு எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போனவர்கள். நாள் முழுவதும் தோலை வெட்டியும், தைத்தும், பசை தடவியும் உழைத்தவர்கள். ஐரோப்பியச் சீமையிலும் அமெரிக்காவிலும் கனவான்கள் அணியும் பாதரட்சைகளில் எத்தனையோ இவர்களுடைய கை பட்டவை. பஸ்ஸிலிருந்து இறங்கியவுடன் அவர்களில் அநேகர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. சாலையோரத்து எண்ணெய்ச் சட்டியண்டை ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். நான்கு மசால்வடை, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, ஒரு போண்டா. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அம்மா வெறுங்கையோடு போகலாமா?

அந்தச் சட்டியண்டைதான் நாமும் நின்றோம்.

நம்மோடு பட்டணத்து நண்பர் ஒருவர் வந்திருந்தார். அவர் கைக்குட்டையை மூக்கருகில் வைத்துக்கொண்டு, "இந்தத் தெருப்புழுதியில் செய்த வடையைத் தின்பதா? வைத்தியருக்கு யார் பணம் கொடுப்பது?" என்றார். படித்த குடும்பங்களில் இந்தப் பேச்சு சகஜம். தெருவில் விற்பதெல்லாம் விஷம், வீட்டில் செய்வதெல்லாம் அமிர்தம் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவது நமக்கு எளிதாயிருக்கிறது. ஆனால் அடுப்பில் எரியும் தீ அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. எதைச் சுத்தி செய்ய அதனால் இயலும், எதை இயலாது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் வடைக்காரிக்கும் நியாயம் செய்யலாம்; நம் வீட்டு வாணலிக்கும் நியாயம் செய்யலாம்.

காய்ந்த எண்ணெயின் சூடு சாதாரணமாக 170 முதல் 180 டிகிரி சென்டிகிரேடு வரையில் இருக்கிறது. அதில் மாவு விழுந்த மாத்திரத்தில் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி நாலாபுறமும் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. 'சொய்' என்று நமக்குக் கேட்கும் சங்கீதம் அதுதான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரையில் எண்ணெய் உள்ளே புக முடியாது. வடையின் நடுப்பாகமும் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடேறுவதால், மாவில் இருந்த கிருமிகள் பெரும்பாலும் அங்கேயே மடிந்துபோகின்றன. ஆகவே, கண்ணெதிரே சட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சூடான வடை, கிருமி விஷயத்தில், நண்பர் அஞ்சிய அளவுக்கு அஞ்சத்தக்கதல்ல. கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து ஆறிக் கிடக்கும் நாகரிகமான பலகாரத்தைவிட அது எவ்வளவோ மேல்.

தீயைத் தொடாத பொருள்கள்தாம் முதல் அபாயம். பச்சை வெங்காயம், தேங்காய்ச் சட்னி, அதில் சேர்த்த தண்ணீர், தட்டைக் கழுவிய வாளி, காசு வாங்கிய விரல் ஆகியவற்றை அக்கினி பகவான் பரிசோதிப்பதில்லை. தேங்காய்ச் சட்னி வெயில் நாளில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். புளிப்பு வாடை வருவதற்கு முன்னாலேயே கெட ஆரம்பித்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விரலில் வெட்டுக்காயமோ சீழ்க்கட்டியோ உள்ளவர் மாவு பிசைந்து வெகுநேரம் வைத்திருந்தால், காயத்திலுள்ள ஸ்டெபிலோகாக்கஸ் என்னும் கிருமி அதில் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்குகிறது. கிருமி சூட்டில் செத்தாலும் அந்த நஞ்சு எளிதில் சாவதில்லை. தெருவுக்கும் வீட்டுக்கும் இந்த விஷயத்தில் பேதமே கிடையாது.

நாம் சட்னியைப் பற்றிக் கேட்டபோது அந்த அம்மாள் சிரித்தார்.

"இன்னாண்ணே, சட்னிய பார்த்து பயப்படுறீங்களா? கெணத்துத் தண்ணி ஒரேயடியா கரிக்குது. குழாத் தண்ணி வர்ற அன்னிக்கு வரும், வராத அன்னிக்கு இல்ல. சட்னிக்கும் மாவு கரைக்கவும் கேன் தண்ணிதான் வாங்குறேன். பாத்திரம் கழுவத்தான் கெணத்துத் தண்ணி."

"கேன் தண்ணீருக்குக் காசு கட்டுகிறதா, அக்கா?"

"கட்டாதுதான். அதுக்காவ பசங்க தின்றதுல அந்தத் தண்ணிய ஊத்த முடியுமா?"

கைக்குட்டை நண்பர் பதில் சொல்லவில்லை. வடைக்காரியின் லாபத்தில் ஒரு பங்கு தினந்தோறும் தண்ணீராகப் போகிறது. கிணறு கரிப்பதற்கு அவர் பொறுப்பாளியா?

இந்தப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் ஷாப்புகள் எழுந்தன. ஆதியில் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளைக் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிற்காலத்தில் குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பு வந்தது. வேலை துரிதமாயிற்று, வெளிநாட்டு வியாபாரமும் ஓங்கிற்று. பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் சாதாரண உப்பு வேறே. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று சுப்ரீம் கோர்ட்டாரின் தீர்ப்பிலே கண்டிருக்கிறது. அவ்வளவு தண்ணீரும் உப்போடும் ரசாயனத்தோடும் வெகுகாலம் வயலிலும் ஓடையிலும் ஆற்றிலும் விடப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி அந்தத் தீர்ப்பு வெளியாயிற்று. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்றென்று அதில் எடுத்துக் காட்டியிருந்தார்கள். கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயம் இந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்றுவதற்கு அந்தத் தீர்ப்பும் உதவிற்று. இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு, 2025-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, அதே நீதிஸ்தலம் பாலாற்றைச் சீர்ப்படுத்தவும் நஷ்ட ஈடு கொடுக்கவும் மறுபடியும் உத்தரவு பிறப்பிக்க வேண்டியிருந்தது. கழிவு நீரைச் சுத்தி செய்யும் பொது நிலையங்கள் இன்று இருக்கின்றன. ஆனாலும் மண்ணுக்குள் ஒரு தலைமுறைக் காலம் இறங்கிய உப்பு, நிலையம் கட்டினவுடன் விடைபெற்றுக்கொண்டு போய்விடாது. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரி நீரைக் குழாய் வழியே வேலூர்ச் சீமைக்குக் கொண்டுவரும்படி நேர்ந்ததே, பாலாற்றின் நிலைமைக்கு வேறு சாட்சி வேண்டுமா?

தோல் தொழில் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்தப் பஸ்களில் வந்து இறங்கிய பெண்மணிகளின் சோறு அதில் இருக்கிறது. ஆனால் கொதிக்கும் எண்ணெயானது தண்ணீரிலுள்ள கிருமியைத்தான் கொல்லும். உப்பையும் உலோகத்தையும் ஆவியாக்கி அனுப்பிவிடாது. தண்ணீர் போனபின் அவை மாவிலேயே தங்கும். தெருப் பலகாரத்தின் சுகாதாரம் வடைக்காரியின் கையோடு ஆரம்பிக்கிறதென்று நினைப்பது சரியல்ல, ஆற்றோடு ஆரம்பிக்கிறது.

இனி எண்ணெய். இங்கே நாம் வடைக்காரிக்கு முழுப் பரிந்துரை செய்ய முடியாது. நேற்று மிஞ்சிய எண்ணெயோடு இன்று புதிதாகக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம் என்று அவரே சொன்னார். "கருத்துப்போனா ஜனங்க வாங்கமாட்டாங்கண்ணே. புது எண்ணெய் ஊத்தினா நெறம் தெளிஞ்சுடும்" என்பது அவருடைய நியாயம். நிறம் தெளியும், எண்ணெய் தெளியாது. பழைய எண்ணெயில் உள்ள கேடு புதிய எண்ணெயையும் சீக்கிரத்தில் கெடுத்துவிடும். பாலுக்கு உறை ஊற்றினாற் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்றும், தண்ணீரும், சூடும் சேர்ந்து எண்ணெயைத் தாக்கும்போது அதன் மூலக்கூறுகள் சிதைந்தும் ஒன்றோடொன்று பிணைந்தும் புதுப் பொருள்களாக மாறுகின்றன. அதனால் எண்ணெய் கனக்கிறது, கறுக்கிறது, நுரை அடங்காமல் விளிம்பு வரையில் ஏறுகிறது, புகை கண்ணைக் கரிக்கிறது. இந்தக் கெட்ட பொருள்களில் ஒரு வகையை அளந்து, நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்டால் அந்த எண்ணெயில் உணவு சமைக்கக் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய அதிகார சபையார் 2018 ஜூலை முதல் தேதியிலிருந்து விதித்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் ஸ்தாபனங்கள் 2019 மார்ச்சு முதல் கணக்கு எழுதிவர வேண்டுமென்றும், பழைய எண்ணெயைச் சேகரித்து மோட்டார்களுக்கான எரிபொருள் செய்ய அனுப்பலாமென்றும் ஏற்பாடுகள் வந்தன. ஏற்பாடுகள் நல்லவைதாம். ஆனால் மாதனூர்ச் சாலையோரத்தில் ஒரு சட்டியும் ஒரு ஜல்லிக் கரண்டியும் வைத்திருப்பவரிடம் 50 லிட்டருக்கு எங்கே போவது? அவரிடம் மிஞ்சும் இரண்டு லிட்டரை வாங்கிக்கொள்ள எந்த வண்டி வரும்? வாங்குவாரில்லாத எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவதென்றால் அன்றைய லாபத்தைக் கொட்டுவதாகும்.

நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் அந்நிய தேசங்களிலிருந்து தருவிக்கிறது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைந்த பனைக்குடும்பத்துக் கனியெண்ணெய் கப்பலேறி வந்து, பாமாயில் என்ற பெயரோடு சாலையோரச் சட்டிகளில் கொதிக்கிறது. இதே வட ஆற்காட்டு மேட்டு நிலங்களில் தலைமுறை தலைமுறையாக மணிலாக் கொட்டை போடுகிறார்கள். இந்தப் பக்கத்தார் வாயில் அது மல்லாட்டை. செக்கு என்றவுடன் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் ஞாபகம் தமிழருக்கு வராமற் போகாது. சிறையில் தண்டனையாயிருந்த செக்கை, கிராமத்தில் ஜீவனமாக்க வேண்டுமென்று பாடுபட்டவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. 1934-ல் மகாத்மா காந்தி ஏற்படுத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாக அவர் செய்த வேலைகளில் செக்கெண்ணெய்ப் பிரசாரம் முக்கியமானது. நாமும் அந்தக் கட்சிதான். ஆயினும், செக்கெண்ணெய் என்ற பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாத் தோஷமும் நீங்கிவிடுமென்று சிலர் பேசுவது நமக்குச் சம்மதமில்லை. சுத்தி செய்யாத செக்கெண்ணெய் சீக்கிரமாகவே புகையத் தொடங்கும். குழம்புக்கும் தாளிப்புக்கும் அது உத்தமம். பொரிப்பதற்கு உபயோகித்தால் தீயை அடக்கி வைக்க வேண்டும். ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும்.

பொட்டலம் கட்டும் காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்வானேன்? அச்சு மை வயிற்றுக்குள் போவதற்காக ஏற்பட்டதல்ல. பத்திரிகைக் காகிதத்தில் உணவு கட்ட வேண்டாமென்று 2016-லேயே அதிகார சபையார் எச்சரித்தார்கள். பத்திரிகை நடத்துகிற நாமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: படித்து முடித்த ஏடுகளை வேறு எதற்கு வேண்டுமானாலும் உபயோகியுங்கள், வடையின் எண்ணெயை ஒற்றி எடுக்க மட்டும் வேண்டாம். வாழை இலைத் துண்டும் தைத்த இலையும் நம் நாட்டில் இன்னும் அற்றுப்போய்விடவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அதனால்தான் நாங்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறோம்" என்று பெருமையுடன் சொல்லும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தங்கள் சமையலறை அலமாரியில், கடைசி மூலையில், மூடி போட்ட ஒரு பாத்திரம் இருக்கிறதல்லவா? தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு மிஞ்சிய எண்ணெய் அது. கார்த்திகைக்கு அப்பத்துக்கு உதவியது. பொங்கலுக்கு வடைக்கு உதவியது. இப்பொழுது அப்பளத்துக்காகக் காத்திருக்கிறது. வடைக்காரியின் சட்டியைக் கண்டு முகம் சுளித்தவர்கள் அந்தப் பாத்திரத்தைத் திறந்து ஒரு தரம் முகர்ந்து பார்க்கட்டும். தெருவில் எண்ணெயை விரட்டுவது வறுமை; வீட்டில் அதைப் பாதுகாப்பது சிக்கனம். எண்ணெய்க்கு இந்த வித்தியாசம் தெரியாது.

நம்மவர் கேட்கக்கூடுமாதலால், வீட்டில் மசால்வடை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறோம். இதைச் செய்வது சகோதரிகள்தாம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கம்பெனியிலிருந்து ஆறு மணிக்கு வந்து சேரும் ஒரு தாயாரைப் பார்த்து, "வீட்டிலேயே செய்து கொடுங்கள்" என்று உபதேசிப்பது எளிது. பருப்பை ஊறப்போட்டு, அரைத்து வைத்திருக்க வீட்டிலுள்ள ஆண்மக்களுக்கும் கை இருக்கிறது.

கால் கிலோ கடலைப்பருப்பைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைக்கவும். பிறகு தண்ணீரை அடியோடு வடித்துவிட வேண்டும். ஈரம் மிஞ்சினால் எண்ணெயும் கெடும், வடையும் உதிரும். ஒரு பிடி பருப்பைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை நான்கு வற்றல் மிளகாய், ஒரு தேக்கரண்டி சோம்பு, சிறிது இஞ்சி ஆகியவற்றோடு சொட்டுத் தண்ணீரும் விடாமல் கொரகொரவென்று அரைக்கவும். எடுத்து வைத்த பருப்பு, பொடியாய் நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை, உப்பு இவற்றைச் சட்டியில் போடுவதற்குச் சற்று முன்னால்தான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே உப்புப் போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுக்கொள்ளும். சமையல் சோடா வேண்டவே வேண்டாம். சோடா போட்ட மாவு எண்ணெயைக் குடிக்கும். பஜ்ஜிக்கானால் நான்கு பங்கு கடலை மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு போதும். நிறத்துக்கு மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் இருக்க, கடைச் சாயத்தை நாடுவானேன்?

சட்டி குறுகியும் ஆழமாகவும் இருக்கட்டும். அரை லிட்டர் எண்ணெயிலேயே காரியம் ஆகிவிடும். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் உதவா. எண்ணெயை அவை விரைவில் கெடுக்கும். இரும்புச் சட்டியோ எவர்சில்வர் சட்டியோ நல்லது. கிள்ளிப் போட்ட மாவு அடியில் தங்காமலும், கருகாமலும், இரண்டு மூச்சு விடுவதற்குள் மேலே வந்தால் எண்ணெய் பதமாகக் காய்ந்ததென்று அறியலாம். ஒரு தடவைக்கு நான்கு வடைக்கு மேல் போட வேண்டாம். ஆசைப்பட்டு எட்டுப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, ஆவியின் வேகம் குறைந்து, எண்ணெய் உள்ளே புகுந்துவிடும். சத்தம் அடங்கி வரும் சமயத்தில் எடுத்துவிட வேண்டும். எடுத்தபின் வடை ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளுக்கிழுக்கும். ஆகையால் தட்டில் அடுக்காமல், ஜல்லிக் கரண்டியிலேயே நன்றாய் உதறி, கம்பி வலையின்மேல் நிறுத்தி வைக்கவும்.

மிஞ்சிய எண்ணெயை ஆறினவுடன் துணியில் வடிகட்டி, பொடிகளை அப்புறப்படுத்திக் குழம்புக்கோ பொரியலுக்கோ இரண்டு நாளைக்குள் செலவிட்டுவிட வேண்டும். கறுத்ததும் நுரைப்பதுமான எண்ணெயை அங்கணத்தில் ஊற்றக் கூடாது. அங்கணத்துத் தண்ணீர் போய்ச் சேருமிடம் இந்தப் பக்கத்தில் பாலாறுதான். பழந்துணியிலோ மரத்தூளிலோ ஊறவிட்டுக் குப்பையோடு சேர்த்துவிடுங்கள்.